ஐந்தாவது பொருள்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்துவடிவம்)



இலக்கியத்துக்கென்று ஒதுக்கிய நேரத்தில் ஒருவன் வந்து பழச்சாறும் சர்பத்தும் சோடாவும் கலந்த விருந்துப் பானத்தைப் பற்றிப் பேசப்போகிறான் என்றால், வானொலிப் பெட்டியை வேறு பக்கம் திருப்ப நினைப்பவர்கள் இருக்கக்கூடும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். சங்கப் புலவர் ஒருவரும் இதே காரியத்தைச் செய்திருக்கிறார். அவரை முன்னுக்கு விட்டுவிட்டுத்தான் நான் பின்னால் வருகிறேன்.

புறநானூற்றின் 24ஆம் பாட்டு. பாடியவர் மாங்குடி கிழார். பாடப்பட்டவன் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன். அரசனைப் பாடப் புகுந்த புலவர் வழியில் ஒரு கடற்கரையைக் காட்டுகிறார். அங்கே பரதவர் சூடேறிய கள்ளைக் குடித்துவிட்டுக் குரவை ஆடுகிறார்கள். அதே கரையில் வளையணிந்த பெண்கள் வேறொன்றைக் குடிக்கிறார்கள். பனையின் இளங்காயில் இருக்கும் நீர், கரும்பின் சாறு, இளநீர் ஆகிய மூன்றையும் ஒன்றாய்க் கலந்த பானம் அது. மூன்று நீர் சேர்ந்தபடியால் அது முந்நீர். கடலுக்கும் முந்நீர் என்றுதான் பெயர். பெண்கள் அந்த முந்நீரைக் குடித்துவிட்டு இந்த முந்நீரில் பாய்கிறார்கள்.

எனக்கு இந்தப் பாட்டைக் கற்பித்த ஆசிரியர் சொல்விளையாட்டை விளக்கியதோடு நின்றுவிட்டார். அது அவருடைய குற்றமல்ல. சோதனைக்கு வருவது அதுதானே. ஆனால் என் மனதில் நின்றது வேறு. ஒரே கரையில் கள்ளும் இருந்திருக்கிறது, கள்ளில்லாத கலவையும் இருந்திருக்கிறது. இரண்டையும் புலவர் ஒரே மூச்சிலே பாடுகிறார். கள் குடிக்காதவருக்குக் குடிக்கத் தண்ணீர் இருந்தது என்று சொல்லி அவர் விட்டுவிடவில்லை. அவர்களுக்கென்று தனியாக ஒரு கொண்டாட்டப் பானத்தையே வைக்கிறார். எங்கள் வீட்டுக் கதை ஒன்று நடந்திராவிட்டால் எனக்கு இது கண்ணில் பட்டிருக்காது.

கதைக்கு முன் சொல்லைப் பார்த்துவிடுவோம். நாங்கள் ‘பஞ்ச்’ என்கிற சொல் ஆங்கிலேயருடையது அல்ல, இந்தப் பக்கத்தில் அவர்கள் பொறுக்கிக்கொண்டது என்று கருதுவோர் பலர். கிழக்கிந்தியக் கம்பனியைச் சேர்ந்த ஒருவர் 1632இல் எழுதிய கடிதத்தில் அது முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. 1670களில் இந்தியாவில் அலைந்து திரிந்த யோன் பிரையர் என்ற மருத்துவர், இந்துஸ்தானியில் ஐந்து என்று பொருள்படும் சொல்லே இது, ஐந்து பொருள் சேர்வதால் வந்த பெயர் என்று எழுதிவைத்தார். அவருடைய நூல் 1698இல் வெளியானது. சாராயம், சீனி, புளிப்பு, தண்ணீர், வாசனைச் சரக்கு என்று ஐந்தைக் கணக்கிடுவார்கள். தேயிலையை ஒன்றாகச் சேர்ப்போரும் உண்டு. மரப்பீப்பாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் இருந்து வந்தது என்று வாதாடுவோரும் இருக்கிறார்கள். எனக்கு முதலாவது கட்சிதான் விருப்பம். அப்படியானால் எங்கள் கோயில் பஞ்சாமிர்தமும் கொழும்புக் கிளப்புகளின் பஞ்சும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஆகிவிடுகின்றன அல்லவா?

சர்பத் என்ற சொல்லின் பயணம் இன்னும் நீளமானது. குடித்தல் என்று பொருள்படும் அரபு வேரில் பிறந்து, பாரசீகத்திலும் துருக்கியிலும் வளர்ந்து, ஒரு கிளை எங்களிடம் வந்தது, இன்னொரு கிளை ஐரோப்பாவுக்குப் போனது. எங்களிடம் அது நன்னாரியோ றோசாவோ மணக்கும் பாணியாய், கசகசா மிதக்கும் குளிர்பானமாய் நிலைத்தது. இங்கிலாந்துப் பிள்ளைகளுக்குச் சர்பத் என்றால் நாக்கில் வைத்ததும் பொங்குகிற புளிப்புத் தூள். அமெரிக்கர்களுக்கு அது பழச்சாற்றோடு சிறிதளவு பால் சேர்த்து உறையவைத்த ஐஸ். ஒரே பெயரில் ஒரு பாணி, ஒரு தூள், ஒரு பனிக்கட்டி. விருந்துப் பஞ்சுக்குள் இந்த மூன்றுமே வந்து விழலாம் என்பதுதான் வேடிக்கை. எங்கள் வீட்டில் மூன்றும் வந்து விழுந்தன. ஆனால் ஒரே நாளில் அல்ல.

என்னுடைய பெரியப்பா கொழும்பில் ஒரு கம்பனியில் வேலையாயிருந்தார். குடியிருப்பு வெள்ளவத்தையில். நாடு விட்டுப் போன ஒரு தோட்டத்துரையின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது, கனத்த கண்ணாடிப் பேசின் ஒன்றை வாங்கி வந்தார். எட்டு லீற்றர் பிடிக்கும். அதனோடு ஒரு நீண்ட அகப்பையும், காதுவைத்த சின்னக் கண்ணாடிக் குவளைகள் பன்னிரண்டும் வந்தன. குவளைகள் வருஷத்துக்கு ஒன்று என்று உடைந்தன, பேசின் நின்றது. பிறந்தநாள், வேலையுயர்வு, வருஷப்பிறப்பு எதுவானாலும் அந்தப் பேசின் மேசை நடுவுக்கு வரும். தென்னஞ்சாராயம் அரைப்போத்தல், அன்னாசி, தேசிக்காய், சீனிப்பாணி, ஆறிய தேயிலைச் சாயம். பெரியப்பாவே நின்று கலப்பார். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போத்தல் சோடா.

அரைப்போத்தல் முக்கால் ஆனது. பிறகு பேசின் இல்லாமலே போத்தல் மட்டும் மேசைக்கு வந்தது. அதை நான் விரித்துச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட வீடுகளை அறிந்தவர்களுக்கு விரிக்கத் தேவையில்லை, அறியாதவர்கள் அறியாமலே இருக்கட்டும். 1971இல் வைத்தியர் ஈரல் பழுதுபட்டுவிட்டது என்று சொன்னார். பெரியப்பா அன்றோடு விட்டார். விட்டது வீட்டில்தான் பெரிய காரியம், வெளியில் அது ஒரு பகிடி. விருந்து வீடுகளில் அவருடைய வெறுங்கை எல்லார் கண்ணிலும் பட்டது. “என்ன மிஸ்டர், இப்ப ஆஸ்பத்திரித் தண்ணியோ?” என்று கேட்பார்கள். ஆறு மாதமாக அவர் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. வீட்டில் ஒரு விசேஷம் வந்தபோதுதான் தப்பவழியில்லாமல் போயிற்று.

1972ஆம் ஆண்டு. பெரியம்மாவின் மகளுக்கு, அதாவது என் ஒன்றுவிட்ட அக்காவுக்குக் கலியாண எழுத்து. பின்னேரம் வீட்டில் ஐம்பது பேருக்கு உபசாரம். எனக்குப் பன்னிரண்டு வயது, விடுமுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தேன். மூன்று நாளுக்கு முன்பே பெரியம்மா கண்ணாடிப் பேசினைத் தூசு தட்டி எடுத்தார். பெரியப்பா முகம் கறுத்துப் போனது. “அதை ஏன் எடுக்கிறீர்?” என்றார்.

“பஞ்ச் கலக்கத்தான். அஞ்சு சாமானும் இருக்கும். அஞ்சாவது சாமானை நான் மாத்தப்போறன்” என்றார் பெரியம்மா.

மாற்றியது இப்படி. சாராயத்தின் இடத்தில் சோடா. சொல்லும்போது இலகுவாய் இருக்கிறது. ஆனால் பேசினில் கிடக்கும் பஞ்சுக்குள் சோடாவை ஊற்றிவிட்டால் போதாது, பத்து நிமிஷத்தில் அது செத்த தண்ணீராகிவிடும். பெரியம்மா மூன்று நாளும் பரீட்சை செய்தார், நான் கூடவே நின்று குடித்தேன். இன்றைக்குக் காரணங்களோடு சொல்லக்கூடியதை அவர் அன்றைக்குக் கையாலே கண்டுபிடித்தார்.

சோடாவின் உயிர் காபனீரொட்சைட்டு வாயு. குளிர்ந்த நீர் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், சூடான நீர் கைவிட்டுவிடும். சாதாரண வளியமுக்கத்தில், 0 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நீர் 3.3 கிராம் வாயுவைக் கரைத்து வைத்திருக்கும். 25 பாகையில் அது 1.5 கிராம் அளவுக்கு இறங்கிவிடும், பாதிக்கும் குறைவு. ஆகவே சோடாப் போத்தலை மட்டும் குளிரவைத்துப் பயனில்லை. சாயம், பாணி, பழச்சாறு, பேசின் எல்லாமே குளிர்ந்திருக்க வேண்டும். சின்னச் சின்ன ஐஸ் துண்டுகளைக் கொட்டினால் விரைவில் உருகிப் பானம் தண்ணீர்ப்படும், அவற்றின் சொரசொரப்பான முகத்தில் வாயு குமிழாகித் தப்பிவிடும். ஒரே பெரிய கட்டியாய் மிதக்கவிடுவது நல்லது. சீனியை ஒருபோதும் மணலாய்ப் போடக்கூடாது. ஒவ்வொரு மணியும் குமிழுக்கு ஒரு வாசல். பாணியாகக் காய்ச்சி ஆறவைத்துத்தான் சேர்க்க வேண்டும். சோடா கடைசி. பேசினின் ஓரத்தால் வழியவிட வேண்டும், அகப்பையால் அடியிலிருந்து ஒரு தரம் தூக்கிவிட்டால் போதும். விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்காகச் சுழற்றிச் சுழற்றிக் கலக்குகிறவர் அந்தப் பானத்தின் எதிரி.

தேயிலையிலும் ஒரு நுட்பம் உண்டு. கொதிநீரில் ஊறிய சாயத்தைக் குளிரவைத்தால் கலங்கிப்போகும். தேயிலையைப் பச்சைத்தண்ணீரில் இரவு முழுதும் ஊறவிட்டு வடித்தால் கண்ணாடிபோல இருக்கும். அதில் தேசிப்புளி விட்டவுடன் கடுஞ்சிவப்பு வெளிறிப் பொன்னிறமாகும். அந்த நிறமாற்றத்தைப் பார்ப்பதற்காகவே நான் ஒவ்வொரு முறையும் புளி விடும் வேலையைக் கேட்டு வாங்கினேன்.

பழத்துக்கு வருவோம். வெளிநாட்டுப் பழங்களும் தகரத்தில் அடைத்த பழங்களும் கடைகளில் அருகிப்போன காலம் அது. அதனால் நன்மைதான் விளைந்தது. இரண்டு அன்னாசி, இருபது கொடித்தோடம்பழம், கொஞ்சம் தோடம்பழச் சாறு. கொடித்தோடையின் கறுத்த விதைகளை வடிக்க வேண்டாம் என்பது பெரியம்மாவின் கட்டளை, மிதந்தால் அழகு என்றார். ஒரு பிடி முந்திரிகை வற்றலும் போட்டார். அது வயிற்றுக்கு அல்ல, கண்ணுக்கு. வற்றலின் சுருக்கங்களில் குமிழ்கள் ஒட்டிக்கொள்ளும், வற்றல் மேலே எழும்பும், மேலே வந்ததும் குமிழ் உடையும், வற்றல் தாழும், திரும்ப எழும்பும். பிள்ளைகள் பேசினைச் சுற்றி நின்று எது முதலில் எழும்பும் என்று பந்தயம் பிடிப்பார்கள்.

அன்னாசியில்தான் அவர் ஒரு தரம் தோற்றார். பாலும் சீனியும் பழச்சாறும் சேர்த்து ஐஸ்பெட்டியில் தட்டில் உறையவைத்து, அந்தச் சர்பத் கட்டியைப் பஞ்சின் மேல் மிதக்கவிட நினைத்தார். முதல்நாள் செய்தது திரைந்து கைத்தது. பச்சை அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் நொதியம் ஒன்று இருக்கிறது, பாலைக் கண்டால் விடாது. அடுத்த நாள் அன்னாசிச் சாற்றை ஒரு கொதி கொதிக்கவிட்டு ஆறவைத்த பின் சேர்த்தார், சரியாய் வந்தது. வெப்பத்தில் நொதியம் செயலிழந்துவிடுகிறது. அந்தச் சர்பத் கட்டியின் மேல் சோடா பட்டதும் வெள்ளை நுரை பூப்போல விரிந்தது. பெரியம்மா சிரித்ததை அன்றைக்குத்தான், பல மாதங்களுக்குப் பிறகு, கண்டேன்.

அளவைக் கேட்டு எழுதிக்கொள்ள நினைப்பவர்களுக்காக: சாயம் 1 லீற்றர், அரைக்கிலோ சீனியை அரை லீற்றர் நீரில் காய்ச்சிய பாணி, பழச்சாறு 1 லீற்றர், பத்துப் பன்னிரண்டு தேசிக்காயின் சாறு, சோடா 2 லீற்றர். இருபத்தைந்து கிளாஸ் வரும். சோடாவில் பாதியை ஜிஞ்சர் பியராக மாற்றினால் தொண்டையில் ஒரு சுணை இருக்கும், அப்போது சீனியைக் குறைக்க வேண்டும். பெரியம்மா அதைத்தான் செய்தார். சாராயம் குடித்தவர்களுக்குத் தொண்டையில் ஏதாவது கடிக்க வேண்டும் என்று அவர் அறிந்திருந்தார்.

எழுத்து முடிந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் உத்தியோகக்காரரும் விறாந்தையில் நிறைந்துவிட்டார்கள். பேசினுக்குக் காவல் நான். அகப்பையால் வார்க்கும் உத்தியோகமும் எனக்குத்தான். பெரியப்பா வெள்ளைக் காற்சட்டையும் கழுத்துப்பட்டியுமாக வந்து முதல் குவளையைத் தானே எடுத்தார். எல்லார் கையிலும் அதே நிறம், அதே நுரை. யாரும் எதையும் கேட்கவில்லை. பெரியப்பா கதைத்தார், சிரித்தார்.

படப்பிடிப்பாளர் வந்து பொம்பிளை மாப்பிள்ளையை முற்றத்தில் நிறுத்தினார். நான் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். என் மாமா, பெரியம்மாவின் தம்பி, பேசினுக்குப் பக்கத்தில் நின்றார். கையில் ஒரு போத்தல், கடதாசி சுற்றியிருந்தது. பேசினுக்குள் சரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். சோடா குறைந்துவிட்டதால் விடுகிறார் என்றுதான் நினைத்தேன். அதன்பிறகு ஐந்தாறு குவளை வார்த்தேன். பெரியப்பா இரண்டாவது குவளைக்கு வந்தார், அவருக்கும் வார்த்தேன்.

பெரியம்மா குசினியிலிருந்து வந்து, “பிள்ளை, சோடா காணுமோ?” என்று கேட்டார்.

“காணும் பெரியம்மா. மாமாவும் கொஞ்சம் ஊத்தினவர்.”

அவர் குனிந்து மணந்து பார்த்தார். தலை நிமிரும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாயிருந்தது. ஒரு சொல் பேசவில்லை. பேசினை இரண்டு கையாலும் தூக்கினார். நிறைந்த கண்ணாடிப் பேசின், ஐஸ் கட்டியும் சர்பத்தும் மிதந்தபடி. ஐம்பது பேர் பார்த்திருக்கக் குசினி வழியே கொண்டுபோய்ப் பின்வாசலில் கானுக்குள் கவிழ்த்தார். முந்திரிகை வற்றல்கள் கானில் ஓடின.

மாமா பின்னால் வந்தார். “அக்கா, அத்தானைப் பாக்கப் பாவமாக் கிடந்தது. கை நடுங்குது. ஒரு சொட்டுத்தானே” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதை இன்றும் நம்புகிறேன். அன்பில் செய்தார். பெரியம்மா அவரைத் திரும்பிப் பார்க்காமல், “தம்பி, நீ போய் சோடாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வா” என்றார்.

பழம் முழுவதும் போய்விட்டது. இருந்தவை: ஒரு கேத்தல் சாயம், தேசிக்காய், இரண்டு டசின் சோடா. என்னைப் பக்கத்து வீட்டுக்கு ஓடச் சொன்னார். அங்கே ஒரு முஸ்லிம் குடும்பம், அந்த அம்மாவை நாங்கள் ராத்தா என்போம். நான் மூச்சிரைக்கச் சொன்னதில் அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. இரண்டு போத்தல் றோஸ் சர்பத்தைக் கையில் தந்துவிட்டு, கசகசாவை ஒரு சட்டித் தண்ணீரில் கொட்டித் தானே தூக்கிக்கொண்டு வந்தார். “ஊற கா மணித்தியாலம் பொறுக்கணும்” என்றார். அந்தக் கால் மணித்தியாலமும் விருந்தாளிகள் வெறுங்கையோடு நின்றார்கள், ஏற்கனவே வாங்கியவர்களைத் தவிர.

பெரியப்பாவும் ஏற்கனவே வாங்கியவர்களில் ஒருவர். அது எனக்குத் திடீரென்று நினைவு வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். விறாந்தை மூலையில் நின்றார். குவளை கையில் இருந்தது. நிறைந்திருந்தது. நுரை அடங்கிவிட்டிருந்தது. ஒருவரோடு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தார். கண் மட்டும் குவளையில் இருந்தது. நான் போய்க் கையை நீட்டினேன். ஒரு கணம் அவர் விரல்கள் விடவில்லை. பிறகு தந்தார். கொஞ்சமும் குறையாத குவளை.

றோசாநிறத்தில் இரண்டாவது பஞ்ச் மேசைக்கு வந்தது. கசகசா கண்ணாடி மணிபோல மிதந்தது. மாப்பிள்ளை வீட்டார் அதைத்தான் நெடுநாள் புகழ்ந்தார்கள். முதல் பஞ்சைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, கேட்க விரும்பியிருக்கலாம்.

கண்ணாடிப் பேசின் 1983 ஆடியில் அந்த வீட்டோடு போனது. பெரியப்பாவும் பெரியம்மாவும் அகதிமுகாமில் இருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார்கள். கொண்டுவந்தது ஒரு சீலைப்பை. எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளிக் குடியேறினார்கள்.

1993இல் பெரியப்பாவுக்கு எண்பதாவது பிறந்தநாள். பொருளாதாரத் தடைக்காலம். குடாநாட்டில் 1990இலிருந்து மின்சாரம் இல்லை, ஆகவே ஐஸ் இல்லை. சீனி விலை கேட்டால் வாய் புளிக்கும். போத்தல் சோடா தேடி இரண்டு சந்தி சைக்கிளில் மிதித்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன். “பஞ்ச் இல்லாமல் போகட்டும் பெரியம்மா, தேத்தண்ணி வைப்பம்” என்றேன். “எண்பது வயசு மனிசனுக்கு வெறுந்தேத்தண்ணியோ?” என்றார்.

கண்ணாடி இல்லாத இடத்தில் பித்தளைக் கிடாரத்தை எடுக்கப் போனேன், தடுத்துவிட்டார். புளிப்புப் பட்டால் களிம்பு ஊறும். மண்பானையை ஈரமணலில் புதைத்து, ஈரச் சாக்கைச் சுற்றி, காற்றோட்டமான மர நிழலில் வைத்தார். பானையின் மேனியில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் கொண்டுபோகும். ஐஸ் குளிர் வராது, கிணற்றுத் தண்ணீரை விடக் குளிர்ந்து வரும். சீனிக்குப் பதில் பனங்கட்டி கரைத்து வடித்த பாணி. பழம், பக்கத்து வளவுப் பந்தலில் பழுத்த முந்திரிகை. யாழ்ப்பாணத்து முந்திரிகைக்கு இருக்கும் புளிப்பு அன்றைக்கு எங்களுக்குக் கைகொடுத்தது. தேயிலைச் சாயம் இருந்தது. தேசிக்காய் கோடியில் நின்ற மரத்தில்.

வாயுவுக்கு அப்பச்சோடா. இங்கிலாந்துப் பிள்ளைகளின் சர்பத் தூளில் இருப்பதும் அதுதான்: சோடியம் இருகாபனேற்றும், சித்திரிக் அமிலமும், சீனியும். ஈரம் பட்டதும் அமிலமும் காரமும் மோதி வாயு பிறக்கிறது. எங்களிடம் சித்திரிக் அமிலத் தூள் இல்லை, ஆனால் தேசிக்காய்க்குள் இருப்பதும் அதே அமிலந்தான். ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவைச் சமன்செய்ய மூன்று தேசிக்காயாவது வேண்டும், குறைந்தால் சவர்க்காரச் சுவை வந்துவிடும். புளிப்பு மிஞ்சி நிற்க வேண்டுமானால் நாலு. ஒரு கிளாஸுக்குக் கால் தேக்கரண்டியும் ஒரு முழுத் தேசிக்காயும் கணக்கு. அவ்வளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு லீற்றர் வாயு கிளம்பும். பானையில் மொத்தமாய்ப் போட்டால் எல்லாம் காற்றோடு போய்விடும். ஆளாளுக்கு, கிளாஸ் கிளாஸாக, குடிப்பவரின் கண்முன்னே போட வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அப்பச்சோடாவின் உப்பை நினைத்து ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அன்று நாங்கள் அதை நினைக்கவில்லை.

இருட்டியபின் ஜாம்போத்தல் விளக்கு வெளிச்சத்தில் பதினைந்து பேர் கூடியிருந்தோம். நான்தான் கரண்டிக்காரன். பெரியப்பாவின் அருகில் கதிரை போட்டு அமர்ந்து, முதல் கிளாஸில் தூளைப் போடப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார்.

“அண்டைக்கு நீ வந்து கிளாஸை வாங்கினாயல்லோ” என்றார். இருபத்தொரு வருஷத்தில் அவர் அந்தப் பேச்சை எடுத்தது அப்போதுதான். “வாயடிக்குக் கொண்டுபோகக்கு முன்னமே எனக்கு மணம் தெரிஞ்சது. கீழ வைக்கேலாமல் நிண்டனான். குடிக்கவும் ஏலாது, வைக்கவும் ஏலாது. உள்ளுக்குப் பேசின் போறதைக் கண்டன். அவ என்னத்துக்குத் தூக்கிக்கொண்டு போறா எண்டு எனக்கு விளங்கீட்டுது. ஆனாக் கை விடேல்லைத் தம்பி. நீ வராட்டில் என்ன செய்திருப்பனோ.”

வார்த்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? “அது நான்...” என்று தொடங்கியதும் கையை அசைத்து நிறுத்திவிட்டார்.

குசினி வாசலில் நின்ற பெரியம்மா, “என்ன இரகசியம்?” என்று கேட்டார்.

“ஒண்டுமில்லை. அஞ்சும் இருக்கோ எண்டு கேக்கிறன்” என்றார் பெரியப்பா.

பெரியம்மா விரலை மடக்கத் தொடங்கினார். “சாயம். பனங்கட்டி. தேசிக்காய். முந்திரிகைப்பழம்...” நாலு விரல் மடங்கிவிட்டது. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். தூளைப் போட்டேன். கிளாஸ் விளிம்புவரை பொங்கியது. விளக்கு வெளிச்சத்தில் நுரை ஊதாநிறமாய் இருந்தது. பெரியப்பா இரண்டு கையாலும் வாங்கி, நுரை அடங்க முதல் ஒரே மூச்சில் குடித்து முடித்தார். மீசையில் ஒட்டியதைத் துடைக்கவுமில்லை. வெறுங்கிளாஸை என் பக்கம் நீட்டினார்.

“இன்னுமொண்டு.”